எடைக்காரரின் மனைவி

அத்தியாயம் ஒன்பது

காரின் இடது பக்கக் கதவு இரண்டும் உள்ளேயிருந்து திறக்காது. ஆகவே எந்த வாசலில் போய் நின்றாலும் கொழுந்தன் முதலில் இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறந்து பிடிக்க, அண்ணி நிதானமாக இறங்குவாள். பார்க்கிறவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வார்கள். கொழுந்தனும் திருத்துவதில்லை.

"இந்தக் கதவை எப்பத்தான் ரிப்பேர் பண்ணப் போறே?"

"பண்ணிட்டா நான் வெறும் டிரைவர் அண்ணி. இப்பப் பாருங்க, மந்திரிக்கு பி.ஏ. மாதிரி இருக்கேன்."

"முதல்ல இறங்க விடு. முழங்கால் மரத்துப் போச்சு."

அண்ணி என்பது அவள் பெயரில்லை. கணவனின் தம்பியைத் தொழிலுக்கு உதவியாக வைத்துக்கொண்டதில் வந்த வினை. போகிற இடமெல்லாம் அவன் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது போலீஸ் ஸ்டேஷனில்கூட அவள் அண்ணிதான். காணாமல் போனதைத் தேடிக் கொடுப்பது அவள் தொழில். ஒரு காலத்தில் மனிதர்களைத் தேடினாள். இப்போது பெரும்பாலும் பணத்துக்கு ஆள் தேடுகிறாள். போட்டவர் செத்துப்போய், யாரும் கேட்டு வராமல் வங்கியில் தூங்கும் பணம். அதற்கு உரியவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு. கிராமங்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில் அப்படித் தூங்கும் பணத்துக்குக் குறைவில்லை. எழுப்பத்தான் ஆளில்லை.

இந்தத் தடவை தூங்கியது எடைக்காரருடைய பணம்.

தானியச் சந்தையில் லாரிகளை ஏற்றி எடை போடும் மேடையில் ஆயுள் முழுக்க வேலை பார்த்த மனிதர். ஊர் அவரை எடைக்காரர் என்றது. அவர் இறந்து பல வருஷம் கழித்து, கூட்டுறவு வங்கி சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்துவிட்டு அவருடைய அக்கா மகன் அண்ணியைத் தேடி வந்தான். செல்போன் கடை வைத்திருப்பவன். பணம் யாருக்கு என்ற இடத்தில் வங்கியில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. மனைவி. பெயர் இல்லை.

"மாமாவுக்குக் கல்யாணமே ஆகலை மேடம். அந்த மனைவி இல்லைன்னு நிரூபிச்சுக் குடுங்க. மனைவி இல்லைன்னா ரத்த சொந்தம் நான்தான்" என்றான் அவன்.

ஒரு வாரமாக அலைந்தாயிற்று. உறவுக்காரர்கள், திருமணப் பதிவு அலுவலகம், பழைய வாக்காளர் பட்டியல் என்று எங்கும் மனைவி கிடைக்கவில்லை. எடைக்காரர் எந்த வீட்டில் குடியிருந்தார் என்பதே நேற்றுதான் தெரிந்தது. ரத்த சொந்தத்துக்கு அந்த விலாசம்கூடத் தெரிந்திருக்கவில்லை. இன்று வங்கி மூடுவதற்குள் உரிமை கோராவிட்டால் பணம் தலைமையகத்தின் பொது நிதிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அது யானை வாயில் போன கரும்புதான்.

"இதுதான் வீடு" என்றான் கொழுந்தன். "முன் ரூம்ல அவர் வாடகைக்கு இருந்திருக்கார். உள்ளே தையலம்மா. ஊருக்கே ஜாக்கெட் தைக்கறவங்க."

வீடு பாதி மூட்டையாகியிருந்தது. பாத்திரங்கள் ஒரு சாக்கில், படங்கள் ஒரு பெட்டியில். ஜன்னலோரம் இருந்த தையல் மெஷின் மட்டும் நகரவில்லை. அதன் தலையில் சிவப்பு நூல்கண்டு. அறுபதை நெருங்கும் அந்த அம்மாள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எடைக்காரரைப் பத்தியா? அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருஷமாச்சே."

"தெரியும்மா. அவர் சம்சாரம் எங்க இருக்காங்கன்னு தேடறோம்."

"சம்சாரமா? அவருக்கா?" தையலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க இருந்தவரைக்கும் ஒரு கடுதாசி வந்ததில்லை. ஒரு சொந்தம் வந்து எட்டிப் பார்த்ததில்லை. கல்யாணம் ஆகாத மனுஷன் அவர். அது எனக்கு நல்லாத் தெரியும்."

"வெளியூர்ல யாராவது..."

"லீவு நாள்லகூட வீட்டைவிட்டு நகர மாட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார்னா காலையிலதான் கிளம்புவார். ஊருக்கெல்லாம் போனதில்லை."

அண்ணி எழுந்து முன்னறையை எட்டிப் பார்த்தாள். ஒரு கட்டில். சுவரில் சட்டை மாட்ட ஓர் ஆணி. ஜன்னல் கண்ணாடியில் தூசி இல்லை.

"இப்ப இந்த ரூம்ல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லை. சரியான ஆள் அமையலை."

"இத்தனை வருஷமாவா?" என்றான் கொழுந்தன்.

தையலம்மா விளக்குமாற்றை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தரையை ஒரு தடவை பெருக்கினாள். "இனிமே ஆள் பார்க்க வேண்டிய கவலையும் இல்லை. வீடே கையைவிட்டுப் போகுது."

கேட்காமலே சொன்னாள். சொல்ல ஆள் கிடைக்காமல் இருந்திருக்க வேண்டும். வீட்டில் பாதி அவளுடைய காலஞ்சென்ற கணவருக்கு, பாதி அவருடைய அண்ணனுக்கு. அண்ணனும் போய்விட்டார். அவர் பிள்ளைகள் தங்கள் பாதியைக் காசாக்கச் சொல்கிறார்கள். அதை அவள் வாங்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மொத்தமாக விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டும். கெடு இந்த மாதம் முடிகிறவரை.

"பையன் டவுன்ல இருக்கான். ஹால்ல ஒரு கட்டில் போட்டுத் தர்றேன்னு மருமக சொல்லியிருக்கு. நல்ல பொண்ணுதான், குறை சொல்லக்கூடாது. மெஷின் வைக்கத்தான் இடமில்லையாம்."

அதற்கு மேல் மெஷினைப் பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாட்டை அண்ணி பார்த்தாள். இந்த மாதிரி வீடுகளில் நுழைந்து, நுழைந்து, வெளியே வருவதே அவளுக்கு அலுத்துவிட்டது.

வாசலில் கொழுந்தனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அமுக்கிவிட்டான்.

"யாரு?"

"நாம நிம்மதியா இருக்கக்கூடாதுன்னு நினைக்கற ஒரு நல்ல உள்ளம். கார்ல ஏறுங்க அண்ணி."

சந்தையில் எடை மேடையை ஒட்டியே டீக்கடை. மேடையில் இப்போது கம்ப்யூட்டர் திரை வந்துவிட்டது. எடைக்காரர் உட்கார்ந்த மர நாற்காலி மட்டும் டீக்கடைக்கு வந்து சேர்ந்திருந்தது. கொழுந்தன் அதில் உட்காரப் போனான்.

"தம்பி, அதுல உட்காராதே. ஒரு கால் ஆடும்" என்றார் டீக்கடைக்காரர்.

"எனக்கு ரெண்டு காலும் ஆடுதுங்க, காலையிலேர்ந்து அலைச்சல்." அவன் பெஞ்சுக்கு மாறினான். "எடைக்காரரைத் தெரியுமா? கல்யாணம் ஆகாதவராமே."

டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "கல்யாணம் ஆகலையா? எவன் சொன்னான்?"

அண்ணியின் களைப்பு சட்டென்று ஓரடி பின்வாங்கியது.

"தினம் சாயங்காலம் இங்கதான் உட்காருவார். இன்னொரு டீ போடட்டுமாண்ணான்னா, வேண்டாம்ப்பா, வீட்டுக்காரம்மா காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு எழுந்திருவார். பொண்டாட்டிக்கு அப்படிப் பயப்படற மனுஷனை நான் பார்த்ததில்லை. மழைக்குக்கூட ஒதுங்க மாட்டார்."

மூட்டை இறக்கிவிட்டு வந்த ஒருவர் தலைத்துண்டை உதறியபடி சேர்ந்துகொண்டார். "பயமா? பாசம்னு சொல்லுய்யா. உடம்பு சரியில்லாதப்ப லோடு வந்துச்சுன்னு கூப்பிடப் போனா, வீட்டுக்காரம்மா விடலைன்னு சொல்லி அனுப்பிட்டார். அவர் சட்டையைப் பாருங்க, இன்னும் உள்ளே தொங்குது. எடுத்துப் போட மனசு வரலை."

மேடைக்குப் பக்கத்து அறையில், கதவுக்குப் பின்னால், வெளுத்துப்போன காக்கிச் சட்டை. அண்ணி அதைத் தொட்டுப் பார்த்தாள். காலர் கிழிந்து திருப்பித் தைக்கப்பட்டிருந்தது. பட்டன்கள் எல்லாம் சிவப்பு நூலில்.

"பொண்டாட்டி இல்லாதவன் சட்டையில இவ்வளவு பட்டன் இருக்குமாம்மா?" என்றார் மூட்டைக்காரர். "என் பொண்டாட்டி உயிரோட இருக்கும்போதே எனக்கு ரெண்டுதான்."

"அவங்களை நீங்க யாராவது பார்த்திருக்கீங்களா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் பார்த்ததில்லை. எடைக்காரர் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. கூப்பிடப் போனவரும் தெருமுனையிலேயே நின்று, ஆள் விட்டுச் சொல்லியனுப்பியதோடு சரி.

காருக்குத் திரும்பும்போது கொழுந்தன் குரலைத் தணித்துக்கொண்டான். "கேஸ் முடிஞ்சுது அண்ணி. வீட்ல கேட்டா பிரம்மச்சாரி. வேலை செய்யற இடத்துல கேட்டா சம்சாரி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வீடு இருந்திருக்கு. சின்ன வீடு."

"எந்த நேரத்துல?"

"எந்த நேரத்துலயா?"

"டீக்கடையில எழுந்திருக்கிறது சாயங்காலம். இந்தப் பக்கம் விளக்கு வைக்கிறதுக்குள்ள தையலம்மா வீட்ல இருக்கார். லீவு நாள்ல வெளியே போறதே இல்லை. நடந்து போறதுக்குத்தான் நேரம் சரியா இருக்கும். வழியில எங்க குடும்பம் நடத்தறது?"

கொழுந்தன் யோசித்தான். "மனுஷன் வேகமா நடந்திருப்பார்."

"ஓட்டு காரை."

ஆனால் அண்ணிக்கு உறுத்தியது. யாரோ ஒருவர் பொய் சொன்னால் கதை எளிது. டீக்கடைக்காரர் முகத்தில் பொய் இல்லை. தையலம்மா சிரித்த சிரிப்பிலும் பொய் இல்லை. எடைக்காரரோ கைப்பிடி தானியம் கூடக் குறைய எழுதமாட்டார் என்று சந்தையே சத்தியம் செய்கிறது. மூன்று பேரும் உண்மை பேசினால், ஒரு மனைவி எப்படி இருந்தும் இல்லாமல் போவாள்?

வங்கியில் மேனேஜருக்கு எதிர் நாற்காலியில் அக்கா மகன் ஏற்கெனவே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"மேடம், என்ன ஆச்சு? இருந்தாங்களா?"

"தேடின வரைக்கும் யாரும் கிடைக்கலை."

"அதான் நான் அப்பவே சொன்னேனே! சார், எழுதிக்குங்க." ஒரு தாளை அண்ணி பக்கம் நகர்த்தினான். விசாரித்த வகையில் எடைக்காரருக்கு மனைவி என்று எவரும் இல்லை என்ற வாசகத்தை அவனே டைப் அடித்துக்கொண்டு வந்திருந்தான். "இதுல ஒரு கையெழுத்து. வெளிய வந்ததும் உங்க கமிஷன்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கமிஷன் வந்தால் காருக்குக் கதவு வரும். ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டு கொழுந்தன் குடியிருக்கும் மாடி அறைக்கு மூன்று மாத பாக்கி அடையும். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். அண்ணி பேனாவைத் திறந்தாள்.

மேஜைமேல் கொழுந்தன் வைத்திருந்த போன் அதிர்ந்து அதிர்ந்து மேனேஜர் பக்கமாக நகர்ந்தது. அவர் குனிந்து திரையைப் படித்துவிட்டுப் புன்னகையோடு நீட்டினார்.

"எடுங்க தம்பி. வீட்டுக்காரம்மா கூப்பிடறாங்க. எடுக்கலைன்னா ராத்திரிக்குச் சோறு கிடைக்காது."

"சார், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை" என்றான் கொழுந்தன் பரிதாபமாக. "இது வீட்டு ஓனரம்மா. எடுத்தேன்னா ராத்திரிக்கு வீடே கிடைக்காது."

மேனேஜர் சிரித்தார். அக்கா மகன்கூடச் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

"சார்" என்றாள். "நீங்க இப்ப என்ன நினைச்சீங்க?"

"எப்ப?"

"போன்ல பேரைப் பார்த்ததும்."

"தம்பியோட மனைவின்னு நினைச்சேன். வேற என்ன நினைக்கிறது?"

அண்ணி பேனாவை மூடினாள். மூடிய சத்தம் அறையில் நன்றாகவே கேட்டது. "அந்தக் கணக்கை ஆரம்பிச்சு, மனைவின்னு எழுதினது யாரு?"

"பழைய கணக்கர். ரிட்டயர் ஆயிட்டார். இந்நேரம் நூலகத்துல பேப்பர் படிச்சிட்டு இருப்பார்."

"மேடம், கையெழுத்து?" அக்கா மகன் எழுந்தேவிட்டான்.

"பேங்க் மூடறதுக்குள்ள வந்துடறேன்."

நூலகத்தில் செய்தித்தாள் விரிந்திருந்தது. அதற்குப் பின்னாலிருந்து குறட்டை வந்தது. கொழுந்தன் தாளைத் தட்டினான்.

"ஐயா, உள்ளே யாராவது இருக்கீங்களா?"

கணக்கர் தாளைத் தாழ்த்தினார். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற ரகம். அண்ணி விஷயத்தைச் சொன்னதும் நெற்றியைச் சுருக்கி, பிறகு மலர்ந்தார்.

"எடைக்காரரா? மறக்க முடியுமா? எத்தனையோ பேருக்குக் கணக்கு ஆரம்பித்திருக்கிறேன். இவர் ஒருத்தர்தான் வெட்கப்பட்டார்."

"வெட்கப்பட்டாரா?"

"உங்களுக்குப் பின்னால் பணம் யாருக்கு என்று கேட்டேன். சொன்னார். பெயர் என்ன என்று கேட்டேன். முகம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டு, மேஜையைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். சரி, பெண்டாட்டி பெயரைச் சொல்ல இந்த வயசிலும் கூச்சம் போலிருக்கிறது என்று நானே விட்டுவிட்டேன். பெயர் இல்லாமல் எழுதியது என் தவறுதான். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் விட்டிருப்பீர்கள்."

"ஐயா, யாருக்குன்னு கேட்டதுக்கு அவர் சொன்ன வார்த்தை என்ன? நீங்க எழுதினது இல்லை. அவர் வாயால சொன்னது."

"எழுதியது மனைவி. அவர் சொன்னது பேச்சு வழக்கில். வீட்டுக்காரம்மாவுக்கு என்றார்." கணக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாடிக்கையாளர் ஆயிரம் சொல்வார். பெரியவன் என்பார், பாப்பா என்பார். அதையெல்லாம் பதிவேட்டில் ஏற்ற முடியுமா? நல்ல தமிழில் திருத்தித்தான் எழுதுவேன். என் காலத்தில் அந்த வங்கியில் ஒரு கொச்சைச் சொல் கிடையாது."

கொழுந்தன் பெஞ்சில் உட்கார்ந்தே விட்டான். "திருத்தினீங்களே ஐயா, திருத்தினீங்களே. பத்து வருஷமா அந்தப் பணம் பொண்டாட்டியைத் தேடிக்கிட்டு இருக்கு!"

"என்ன சொல்கிறான் இந்தப் பையன்?"

"அவர் வாடகைக்குக் குடியிருந்தவர் ஐயா" என்றாள் அண்ணி. "கல்யாணம் ஆகாதவர். அவருக்கு வீட்டுக்காரம்மான்னா, வீடு யாருதோ அவங்க. ஊருக்கு அவங்க தையலம்மா. வீட்டுக்காரம்மான்னு சொல்றதுக்கு அவர் ஒருத்தர்தான் இருந்தார்."

கணக்கர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டினார். பிறகு செய்தித்தாளை நான்காக மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "வண்டி இருக்கிறதா?"

"இருக்கு. உங்க பக்கக் கதவை மட்டும் நான் வந்துதான் திறப்பேன்" என்றான் கொழுந்தன்.

தையலம்மாவை மெஷினிலிருந்து அப்படியே கிளப்பிக்கொண்டு வந்தார்கள். விரலில் மாட்டியிருந்த உலோகத் தொப்பியைக் கழற்றக்கூட அவள் மறந்துவிட்டாள். காரில் அண்ணி விஷயத்தைச் சொன்னபோது அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். வங்கி வாசல் வந்த பிறகுதான், "என்னை எதுக்கு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

உள்ளே கணக்கர் நடந்ததைத் தன் வாயால் சொன்னார். அக்கா மகன் பொறுமையாகக் கேட்டு முடித்தான். அவன் கெட்டவன் இல்லை. கைக்கு வந்ததை விட மனசில்லாதவன், அவ்வளவுதான்.

"நல்லாருக்கு சார். வாடகைக்கு இருந்தவர் வீட்டு ஓனருக்குச் சொத்து எழுதி வைப்பாரா? யாராவது நம்புவாங்களா?"

"நம்பறதும் நம்பாததும் இல்லைங்க. பணம் போட்டவர் யாருக்குன்னு சொன்னாரோ அவங்களுக்குத்தான்" என்றார் மேனேஜர். "சொன்னதைக் கேட்டவரே உயிரோட உட்கார்ந்திருக்கார். மனைவிங்கறதை அடிச்சுட்டு வீட்டு உரிமையாளர்னு திருத்தினா போதும். அம்மா, அவர் உங்ககிட்ட வாடகைக்கு இருந்ததுக்கு ரசீது ஏதாவது இருக்குமா?"

தையலம்மா விரல் தொப்பியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"ரசீது இல்லீங்க."

"வாடகை எவ்வளவு வாங்கினீங்க? அதையாவது எழுதிக்கறேன்."

"ஆரம்பத்துல வாங்கினேன்." அவள் குரல் தணிந்தது. "அப்புறம் வாங்கறதை நிறுத்திட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"அது ரொம்ப வருஷம் ஆச்சுங்க."

அண்ணிக்கு அந்தக் காக்கிச் சட்டை ஞாபகம் வந்தது. பட்டன்கள் ஒவ்வொன்றும் சிவப்பு நூலில். தூசி இல்லாத ஜன்னல் ஞாபகம் வந்தது. சரியான ஆள் அமையாத அறையும்.

அக்கா மகன்தான் முதலில் விழித்துக்கொண்டான். "கேட்டீங்களா சார்? வாடகை வாங்கலைன்னா ஓனர் குடித்தனக்காரர்ங்கற பேச்சே இல்லை. கல்யாணமும் இல்லை. அப்ப இவங்க எந்த வீட்டுக்காரம்மா?"

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "இது சிக்கல்தான்மா. நான் எதையாவது ஒண்ணைத்தானே எழுத முடியும்?"

தையலம்மா எழுந்துவிட்டாள். "வேண்டாம் சார். அவர் பேர் நாலு பேர் வாயில விழ வேண்டாம். நான் வர்றேன்."

"உட்காருங்கம்மா" என்றாள் அண்ணி. அன்று முழுக்க அவள் குரலில் இல்லாத உறுதி அதில் இருந்தது. "சார், எடைக்காரர் எதையும் கூடக் குறையச் சொல்ல மாட்டார்னு சந்தையில யாரை வேணாலும் கேளுங்க. அவர் இவங்களுக்கு ஒரு வார்த்தைதான் சொன்னார். அதை டீக்கடையிலயும் சொன்னார், இங்கயும் சொன்னார். அதைப் பிரிச்சு ரெண்டா ஆக்கினது கேட்டவங்கதான். அவர் சொன்னதை அப்படியே எழுதுங்க."

"வீட்டுக்காரம்மான்னா?"

"ஆமா."

"எந்த அர்த்தத்துலன்னு மேல இருந்து கேட்டா?"

"கேட்கறவரை, முதல்ல அவர் வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டுட்டு வரச் சொல்லுங்க சார்" என்றான் கொழுந்தன்.

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கணக்கரைப் பார்த்தார். திருத்தத்துக்கு அவர் சாட்சிக் கையெழுத்து வேண்டும். கணக்கர் பேனாவை வாங்கினார். நல்ல தமிழில் தான் எழுதிய மனைவியை ஒரே கோட்டில் அடித்தார். அதற்கு மேலே, முத்து முத்தாக, வீட்டுக்காரம்மா என்று எழுதினார். எழுதிவிட்டுச் சொன்னார்: "கொச்சைதான். ஆனால் இதைவிடச் சரியான சொல் எனக்குத் தெரியவில்லை."

"பெயர்?" என்றார் மேனேஜர்.

தையலம்மா தன் பெயரைச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் சிவந்து, தலை குனிந்துவிட்டது. கணக்கர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்க வேண்டும்போல அவருக்கு மறுபடி தோன்றிவிட்டது.

அக்கா மகன் தான் டைப் அடித்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "அப்ப கமிஷன் கேட்டு வராதீங்க மேடம்" என்றான்.

"வரமாட்டேன்" என்றாள் அண்ணி.

திரும்பும் வழியில் வெயில் இறங்கிவிட்டிருந்தது. தையலம்மா பின் இருக்கையில், மடியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பங்காளிங்க கேட்கறதுக்குக் கொஞ்சம் குறையும்" என்றாள் தனக்குள் பேசுவதுபோல. "பரவாயில்லை. மெஷின் இருக்கே, தைச்சுக் கட்டிடலாம்." கொஞ்ச தூரம் போன பிறகு, "டீக்கடையில என்னை அப்படியா சொன்னார்?" என்றாள்.

"தினமும் சொல்வாராம். உங்ககிட்ட எப்படிக் கூப்பிடுவார்?"

"என்னையா? ஏங்கன்னுதான் கூப்பிடுவார். வேற எதுவும் சொன்னதில்லை."

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. சில நேரங்களில் முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் துப்பறிகிறவர்கள் செய்யக்கூடிய மரியாதை.

வீட்டு வாசலில் கொழுந்தன் சுற்றி வந்து கதவைத் திறந்து பிடித்தான். தையலம்மா இறங்கினாள். உள்ளே போய், தன் அறைக்குப் போகாமல், முதலில் அந்த முன்னறையில் விளக்கைப் போட்டாள். ஜன்னல் மஞ்சளாயிற்று. பிறகு மூட்டைகளில் ஒன்றை அவிழ்க்கிற சத்தம் தெருவரை கேட்டது.

"நல்லதுதான் பண்ணியிருக்கோம்" என்றான் கொழுந்தன், காரைக் கிளப்ப முயன்றபடி. "வயிறுதான் ஒத்துக்க மாட்டேங்குது."

"பெட்ரோல் இருக்கா?"

"முள் இருக்கு. பெட்ரோல் இருக்கான்னு தெரியலை."

அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். உடம்பில் வலிக்காத இடம் என்று ஒன்றும் இல்லை. அப்போது அவன் போன் மறுபடி அதிர்ந்தது. இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். வீட்டுக்காரம்மா.

"எடு" என்றாள் அண்ணி. "எடுத்து உண்மையைச் சொல்லிடு. இந்த மாசமும் வாடகை இல்லைன்னு."

கொழுந்தன் போனை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். வெளிச்சமான அந்த ஜன்னலையும் பார்த்தான்.

"ஏன் அண்ணி, வாங்கறதை நிறுத்தற எண்ணம் ஏதாவது இருக்கான்னு இவங்ககிட்டயும் கேட்டுப் பார்க்கட்டுமா?"

"அவங்களுக்கு எழுபது வயசுடா!"

"எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே" என்றான் அவன்.

காலையிலிருந்து முதல் தடவையாக அண்ணி சிரித்தாள். முழங்கால் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.